உருக வேண்டியது உருகட்டும்

கேரளத்தில் ஃபியூஸ் என்பது வெறும் மின்சாரச் சாதனமல்ல, அதிகாரத்தின் சின்னமும்கூட. மின்கட்டணம் கட்டத் தவறியவரின் இணைப்பைத் துண்டிப்பதற்கு மலையாளத்தில் வழங்கும் சொல் 'ஃபியூஸ் ஊருதல்'. 2023 ஜூனில் வயநாட்டில் மின்வாரியத்தின் ஜீப் ஒன்று கிளை வெட்டும் தொரட்டியை வெளியே நீட்டிக்கொண்டு போய், மோட்டார் வாகனத் துறையின் காமிராவில் சிக்கியது. அபராதம் ரூ.20,500. சில நாட்களில் கல்பெட்டாவில் இருக்கும் மோட்டார் வாகனத் துறை அமலாக்க அலுவலகத்தின் ஃபியூஸ் பிடுங்கப்பட்டது. காரணம், கட்டண பாக்கி என்றார்கள். இரண்டு துறைகளுக்கும் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான். மாநிலமே சிரித்தது.

அந்த ஃபியூஸைத் திரும்பச் செருக ஒரு லைன்மேன் போதும். ஆனால் லைன்மேனே எட்டிப் பார்க்காத இன்னொரு வகை ஃபியூஸ் இதே மாநிலத்தின் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது போனால் ஓட்டுநரோ, உள்ளே படுத்திருக்கும் பயணியோதான் மாற்ற வேண்டும். பெரும்பாலும் இருட்டில், பெரும்பாலும் மழையில்.

கேரவன் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது சினிமாப் படப்பிடிப்பு. நட்சத்திரங்கள் ஒப்பனை கலைத்து ஓய்வெடுக்கும் குளிர்பதன வண்டி. அந்த வண்டியைச் சாமானியச் சுற்றுலாப் பயணிக்கும் திறந்துவிட கேரள அரசு 2021 செப்டம்பரில் ஒரு கொள்கையை அறிவித்தது. 'கேரவன் கேரளா' என்று பெயர். கெட்டுவள்ளங்கள் படகுவீடுகளாக மாறிய பிறகு மாநிலச் சுற்றுலாவில் நடக்கும் பெரிய மாற்றம் என்று அரசு அதை வர்ணித்தது. முதல் 100 வண்டிகளுக்குத் தலா ரூ.7.5 லட்சம் அல்லது முதலீட்டில் 15 சதவிகிதம் மானியம் என்று சலுகை. 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. வண்டிக்குள் இருக்க வேண்டியவை என்று சொல்லப்பட்ட பட்டியல் நீளமானது: சோபாவாகவும் கட்டிலாகவும் மாறும் இருக்கை, குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, ஏ.சி., கழிவறை, ஒலி-ஒளி வசதிகள், சார்ஜ் செய்யும் இணைப்புகள். விளம்பரப் படங்களில் இவை எல்லாம் பளபளக்கின்றன. இத்தனைக்கும் காவல் நிற்கும் ஃபியூஸ் பெட்டி எந்தப் படத்திலும் தலைகாட்டுவதில்லை. இருக்கைக்கு அடியில், பழைய துணிகளுக்கும் குடைக்கும் பின்னால் கிடக்கிறது.

இப்படி ஒரு இரவை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம், திருவனந்தபுரத்தில் வாடகைக்கு எடுத்த கேரவனில் பொன்முடிக்குப் போய்விட்டு வருகிறது. மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவிலும் வண்டியின் ஒவ்வொரு திருகும் குலுங்கியிருக்கிறது. இரவு வர்க்கலைக்கு அருகே கடலோரமாக நிறுத்துகிறார்கள். குழந்தை தூங்கிவிட்டது. திடீரென்று விளக்கும் விசிறியும் ஒருசேர நிற்கின்றன. ஓட்டுநர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சாரே, ஃபியூஸ் போயி" என்கிறார். மாற்று ஃபியூஸ் இருக்கிறதா? டப்பாவில் பச்சை நிறத்தில் ஒன்று கிடக்கிறது. போனதோ நீலம். குடும்பத் தலைவருக்குப் பொறுமை இல்லை. "அது இல்லேன்னா ஒரு கம்பியைச் சுத்தி விடும் ஓய், காலைல பாத்துக்கலாம்."

இந்த உரையாடல் கற்பனை. ஆனால் இதைக் கேட்டிராத வாகனப் பட்டறை தென்னிந்தியாவில் இருக்க முடியாது. வீட்டில் பீஸ் கட்டையைப் பிடுங்கி, ஒற்றை இழைக்குப் பதில் நாலு இழையாக முறுக்கிக் கட்டிய அனுபவம் நம் குடும்பங்களில் பரம்பரைச் சொத்து. அதையே காரிலும் செய்கிறார்கள். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள், குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி என்று ஃபியூஸின் இடத்தில் உட்கார்ந்த பொருட்களின் பட்டியல் சுவாரசியமானது. விளக்கு எரிந்துவிடும். அதுதான் ஆபத்து. எரியாமல் போயிருந்தால் யாராவது சரியான ஃபியூஸைத் தேடியிருப்பார்கள்.

இந்தத் தவறுக்கு அடியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஃபியூஸ் விளக்கையும் விசிறியையும் டி.வி.யையும் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது என்பதே அது. அப்படியல்ல. ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை. வண்டியின் பலகைச் சுவருக்குப் பின்னால், ரெக்ஸின் உறைக்கும் பஞ்சு மெத்தைக்கும் இடையில், யார் கண்ணிலும் படாமல் ஓடுகிறதே அந்தக் கம்பியை. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கு ஏற்ப ஒரு தாங்குசக்தி உண்டு. அதற்கு மேல் மின்சாரம் ஓடினால் கம்பி சூடேறும், உறை இளகும், பிறகு புகையும். அந்த நிலை வருவதற்கு முன்பே, கம்பியைவிட பலவீனமான ஒரு துண்டு, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் உருகி வழியை அறுத்துவிடுகிறது. தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு 'மின்னுருகி' என்று பெயர் வைத்தன. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றாலும், 'பீஸ்' என்பதைவிட அந்தச் சொல்லில்தான் பொருள் வெளிப்படையாக நிற்கிறது. உருகுவது அதன் தோல்வியல்ல, உத்தியோகம். உருகிக் கிடப்பதை உருகாத ஒன்றால் மாற்றினால், உருகும் வேலை சுவருக்குள் இருக்கும் கம்பிக்குப் போய்ச் சேரும். அங்கே படுத்திருப்பது குழந்தை.

யோசனை பழையது. தந்திக் கருவிகளை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பித் துண்டை இடையில் வைக்கலாம் என்று பிரெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1847-லேயே சொன்னார். 1890-ல் எடிசன் ஒரு ஃபியூஸுக்குக் காப்புரிமை பெற்றார். வாகனங்களில் நெடுங்காலம் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள்தான் இருந்தன. இன்று எல்லா வண்டியிலும் காணும் இரட்டைக் கால் தகட்டு ஃபியூஸை அமெரிக்காவின் லிட்டெல்ஃபியூஸ் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்தது. கண்ணாடியைப் போல உடையாது, நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும், விரல் நுனியில் அடங்கும். எளிமையான அந்தச் சாதனத்தைப் போல ஏமாற்றுவதும் வேறில்லை.

நிறங்களை முதலில் பார்க்கலாம். வழக்கமான அளவில் இளம்பழுப்பு 5 ஆம்பியர், பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30, ஆரஞ்சு 40. இதை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போகிறவருக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. 'மாக்சி' எனப்படும் பெரிய ரகத்தில் சிவப்பு 50 ஆம்பியர், நீலம் 60. எனவே நிறம் கைகாட்டி மட்டுமே. தலையில் பொறித்திருக்கும் எண்தான் தீர்ப்பு.

வர்க்கலை இரவில் நீலத்தின் இடத்தில் பச்சையைச் செருகினால் என்ன ஆகும்? கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 15 ஆம்பியருக்கு என்று போடப்பட்ட கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால் சூடு இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. தகட்டு ஃபியூஸ்களுக்கான தர நிர்ணயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தன் அளவைவிடப் பத்து சதவிகிதம் கூடுதலாக ஓடினாலும் ஃபியூஸ் 100 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். 35 சதவிகிதம் கூடினால் பத்து நிமிடத்துக்குள் அறுந்துவிட வேண்டும். இரண்டு மடங்கானால் 5 விநாடிக்குள். அதாவது, 15 ஆம்பியர் ஃபியூஸ் 5 விநாடியில் அறுத்துவிடும் அதே 30 ஆம்பியரை, 30 ஆம்பியர் ஃபியூஸ் விடிய விடிய அனுமதிக்கும். அதற்கு அது ஒரு குற்றமாகவே தெரியாது. வெள்ளித்தாளுக்கோ எந்தத் தர நிர்ணயமும் கிடையாது; எத்தனை ஆம்பியரில் உருகும் என்று அதைச் சுற்றியவருக்கும் தெரியாது.

சாதாரணக் காரைவிட கேரவனில் இந்தத் தவறு ஏன் கடுமையானது? காரில் இருப்பது ஒரு பேட்டரி, ஓரிரு ஃபியூஸ் பெட்டி. கேரவனோ சக்கரத்தில் ஓடும் வீடு. எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்குத் தனியாக ஒன்று அல்லது இரண்டு. கூரையில் சூரியத் தகடு. பூங்காவில் நிறுத்தினால் வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு. நடுவழியில் ஜெனரேட்டர். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் இன்வெர்ட்டர். நாலைந்து திசையிலிருந்து மின்சாரம் நுழைகிறது. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று உயிரோடு இருக்கும்.

மேலும், இங்கே ஆம்பியர் கணக்கு வீட்டுக் கணக்கல்ல. 1,200 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் அடுப்பு வீட்டில் 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் சுமாருக்குத்தான் எடுக்கும். அதே அடுப்பை இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் 100 ஆம்பியருக்கு மேல் போகும். ஒரு கட்டைவிரல் தடிமன் கேபிள் இல்லாமல் அதை நடத்த முடியாது. பொங்கல் சூடாக்க நினைக்கும் பயணிக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. வண்டியைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஆனால் பழைய வேனை வாங்கி, மூலைப் பட்டறையில் கட்டிலும் விசிறியும் பொருத்திக்கொள்பவர்கள் அந்த எண்ணைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

கேரளத்துக்கு இதில் கசப்பான நினைவுகள் உண்டு. 2023 பிப்ரவரி 2-ம் தேதி கண்ணூரில், மாவட்ட மருத்துவமனைக்கு மிக அருகே ஒரு கார் தீப்பிடித்தது. பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணும் அவர் கணவரும் முன் இருக்கைகளில் சிக்கி இறந்தார்கள். பின்னால் இருந்த நால்வர் தப்பினார்கள். ஷார்ட் சர்க்யூட்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அதிகாரிகள் சொன்னார்கள். அதே ஆண்டு, வாகனங்கள் தீப்பிடிப்பது பற்றி ஆராய மாநில அரசு ஒரு தொழில்நுட்பக் குழுவையும் அமைத்தது. கம்பெனியில் போட்ட வயரிங்கை வெட்டி ஒட்டி, கூடுதல் விளக்கு, கூடுதல் ஸ்பீக்கர் என்று சேர்ப்பது பற்றிய எச்சரிக்கைகள் அப்போது மாநிலம் முழுவதும் ஒலித்தன. ஒவ்வொரு ஒட்டும் தனக்கென்று ஒரு ஃபியூஸ் கேட்கும். பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது கறுப்பு டேப்.

மறு ஆண்டு டிசம்பரில் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். இது தீயல்ல. ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கியிருக்கிறார்கள். தளத்தில் இருந்த இடைவெளி வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்ததைக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தி உறுதிசெய்தார்கள். ஃபியூஸுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் ஃபியூஸ் போன இரவில், 'பேட்டரி லைன் வேண்டாம், ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கலாம்' என்று முடிவெடுக்க நினைப்பவர்கள் இந்த இரு மரணங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எப்படி மாற்றுவது? முதல் வேலை மூக்குக்கு. உள்ளே காஸ் வாசனை வந்தால் ஃபியூஸையோ சுவிட்சையோ தொடவே கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படுத்துக் கிடக்கும். ஃபியூஸ் பெட்டியும் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில், அதே உயரத்தில் இருக்கிறது. செருகும்போது எழும் சின்னப் பொறி போதும். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வாசனை இல்லையென்றால், மின்சாரம் வரும் வழிகளை ஒவ்வொன்றாக மூடலாம். வெளி இணைப்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். எஞ்சின் சாவியை எடுத்துவிடுங்கள். வீட்டுப் பேட்டரியின் பிரதான சுவிட்சை அணையுங்கள். பகல் நேரமானால் கூரைத் தகட்டையும் மறந்துவிடக் கூடாது. வெயில் இருக்கும்வரை அதற்கு விடுமுறை கிடையாது, அதற்கான தனி சுவிட்சையும் அணைக்க வேண்டும். விளக்கு, விசிறி, பம்பு எல்லாவற்றின் பொத்தான்களும் 'ஆஃப்' நிலைக்குப் போகட்டும். ஈரக்கை கூடாது, மோதிரமும் உலோக வாட்சும் கழற்றப்பட வேண்டும். 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மோதிரம் பாலம் போட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். மோதிரம் பழுக்கக் காயும், விரலோடு சேர்த்து.

எந்த ஃபியூஸ் என்று தேடுவதும் ஒரு வேலைதான். முன்விளக்கு, ஹாரன், வைப்பர் என்றால் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டி. உட்புற விளக்கு, விசிறி, தண்ணீர் பம்பு என்றால் வீட்டுப் பகுதிப் பெட்டி. எல்லாமே செத்துவிட்டதென்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்கிய பெரிய ஃபியூஸ். ஏ.சி.யும் பிளக் பாயின்டும் மட்டும் போனால் அது 230 வோல்ட் பக்கம். அங்கே தட்டிவிடும் சுவிட்ச் இருக்கும். அதை ஒரு தடவை உயர்த்திப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட வேண்டும். அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியனுக்கு உரியது, பயணிக்கு உரியதல்ல.

கண்டுபிடித்த ஃபியூஸை அதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் கவ்வியால் நேராகப் பிடுங்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பக்கத்து ஃபியூஸும் சேர்ந்து உடையும். பிடுங்கியதைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செத்த ஃபியூஸை நாடி பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கும் வளைவு சுத்தமாக அறுந்து, கூடு தெளிவாக இருந்தால் மெதுவான மிகைச்சுமை; ஒரே லைனில் விசிறி, பம்பு, மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து இழுத்திருக்கும். கூட்டின் உள்பக்கம் கரியோ வெள்ளிப் பூச்சோ தெறித்திருந்தால் ஷார்ட் சர்க்யூட். எங்கோ கம்பி உரசியிருக்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. வளைவு முழுசாக இருக்க, கால்களைச் சுற்றி பிளாஸ்டிக் மட்டும் இளகியிருந்தால்? ஃபியூஸ் குற்றவாளியே அல்ல. அதைப் பிடித்திருக்கும் கவ்வி தளர்ந்திருக்கிறது.

இந்தக் கடைசி ரகம் திருவனந்தபுரம் மாதிரியான ஊருக்கே உரியது. ஒரு பக்கம் கோவளமும் சங்குமுகமும், மறுபக்கம் மலை. உப்புக் காற்றும் இரண்டு பருவமழைகளும் சேர்ந்து பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பைப் பூசிவிடுகின்றன. களிம்பு இருக்கும் இடத்தில் மின்தடை கூடும், சூடு பிறக்கும். அதிக மின்னோட்டம் இல்லாததால் ஃபியூஸ் உருகாது. கவ்வி மட்டும் மெல்ல மெல்ல வேகும். இதற்கு மாற்று ஃபியூஸ் மருந்தல்ல. களிம்பைச் சுத்தம் செய்து, பிடி தளர்ந்திருந்தால் கவ்வியையே மாற்ற வேண்டும். ஜூனில் மழை ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறையும், முடிந்த பிறகு ஒருமுறையும் பெட்டியைத் திறந்து பார்ப்பது அதிகமான எதிர்பார்ப்பல்ல. குடைக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதி போதும்.

புதிய ஃபியூஸ் அதே எண், அதே உருவம், அதே ரகமாக இருக்க வேண்டும். தகட்டு ஃபியூஸின் தலையில் ஆம்பியர் எண்ணோடு 32 வோல்ட் என்றும் இருக்கும். 12 வோல்ட் வேனுக்கும், பஸ் சேஸிஸில் கட்டிய 24 வோல்ட் வண்டிக்கும் அது போதும். 230 வோல்ட் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. அதேபோல, வீட்டில் பயன்படுத்தும் 'மெயின்' சுவிட்ச் ரகங்களைப் பேட்டரி லைனில் வைப்பதும் அசட்டுத் துணிச்சல். வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது; தொடும்போது பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. பேட்டரி மின்சாரம் அப்படி மூச்சு விடுவதில்லை. வோல்ட் கூடக்கூட அதன் பொறி நின்று எரியும்.

லித்தியம் பேட்டரி வைத்த புதிய வண்டிகளில் இன்னும் ஒரு சங்கதி. அவை ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் கொட்டும். தகட்டு ஃபியூஸ் பொதுவாக 1,000 ஆம்பியர் வரைதான் பாதுகாப்பாக அறுக்கும். அதற்கு மேல் ஃபியூஸே வெடித்து, அறுந்த இடைவெளியைப் பொறி தாண்டிவிடலாம். அதனால் பேட்டரி வாசலில் 20,000 ஆம்பியரை அறுக்கும் 'கிளாஸ் டி' ரகத்தை வைக்கிறார்கள். விலை கூடுதல். அதன் இடத்தில் மலிவான ஒன்றைப் போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அந்த ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது படகுக்காரர்களின் விதி. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள கம்பிக்குக் காவலே கிடையாது என்பதால், காவலில்லாத தூரம் குறைவாக இருக்கட்டும் என்ற கணக்கு.

செருகியாயிற்று. இனி பிரதான சுவிட்சைப் போட்டு, சாதனங்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்க வேண்டும். முதலில் விளக்கு, ஒரு நிமிடம் கழித்து விசிறி, பிறகு பம்பு. எதைப் போட்டதும் போகிறதோ அதுவே சந்தேக நபர். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மற்றவற்றோடு இரவைக் கழித்துவிடலாம். எதையும் போடாமலேயே இரண்டாவது ஃபியூஸும் போனால் கோளாறு கம்பியில். மூன்றாவதைச் செருகுவது பிடிவாதம். ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியின் காயத்தில் ஒரு சூடு வைக்கிறோம்.

இங்கே பட்டறைக்காரர்கள் ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். ஃபியூஸின் இடத்தில் இண்டிகேட்டரில் இருக்கும் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயர் வைத்து இணைப்பார்கள். 12 வோல்ட்டில் அந்த பல்பு 2 ஆம்பியருக்கு மேல் ஓட விடாது. எனவே கம்பிக்கு ஆபத்தில்லை. எல்லாச் சாதனங்களும் அணைந்திருக்க, பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பிறகு வயரிங்கை அங்கங்கே அசைத்துக்கொண்டே போவார்கள். எந்த இடத்தைத் தொட்டதும் பல்பு அணைகிறதோ, அங்கே காயம். ஒரு டப்பா ஃபியூஸைத் தீர்ப்பதற்குப் பதில் ஒரு பல்பு. இத்தனை மலிவான புத்திசாலித்தனத்தை வண்டியோடு தரும் கையேடுகள் சொல்வதில்லை.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலை பஜாரில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். தமிழ் பேசும் கடைக்காரர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. அங்கோ வேறெங்கோ ஃபியூஸ் வாங்கும்போது, நிறம் நிறமாக நூறு அடுக்கிய மலிவு டப்பாவைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயரில்லாத ஃபியூஸ்களில் சொன்ன எண்ணில் உருகாதவை உண்டு. உருகாத ஃபியூஸ் என்பது நிறம் பூசிய குண்டூசி. தயாரிப்பாளர் பெயர் பொறித்ததாக, வண்டியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணிலும் நாலைந்து வாங்கினால் போதும். பேட்டரி வாசலில் இருக்கும் பெரிய ஃபியூஸிலும் ஒன்று வேண்டும். அது நள்ளிரவில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்காது. கூடவே கவ்வி, தலையில் மாட்டும் டார்ச், ஒரு மல்டிமீட்டர். கதவருகே, கை எட்டும் இடத்தில் தூள் ரகத் தீயணைப்பான். படுக்கைக்குப் பின்னால் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்கும்போது டி.வி. எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறார்கள். அத்தோடு மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்கலாம்: பேட்டரியின் பிரதான சுவிட்ச் எங்கே, ஃபியூஸ் பெட்டிகள் எத்தனை, மாற்று ஃபியூஸ் எந்த டப்பாவில். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வண்டி எடுக்காமல் இருப்பது உத்தமம். வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். மழையில் நனையாமல் இருக்க மேலே ஒரு செலோடேப்.

வர்க்கலை இரவுக்கு அந்தத் தாள் இருந்திருந்தால், நீலம் 15 என்று டார்ச் வெளிச்சத்தில் படித்திருப்பார்கள். டப்பாவில் நீலம் இல்லையென்றால் 10 ஆம்பியர் சிவப்பைப் போட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டுத் தூங்கியிருக்கலாம். அளவில் குறைந்த ஃபியூஸ் அதிகபட்சம் இன்னொரு முறை போகும். வேறு ஒரு கெடுதலும் செய்யாது. அதுவும் இல்லையென்றால் ஜன்னலைத் திறந்துவைத்து, பனையோலை விசிறி.